குழுவஞ்சல்

பள்ளியில் காலை வழிபாடு முடிந்தது. தலைமையாசிரியர் மூன்று செய்திகளைத் தெரிவிக்க வேண்டியுள்ளது. முதலாவது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு மட்டும் உரியது. அவன் தந்தையார் அலுவலகத்தில் காத்திருக்கின்றார். இரண்டாவது, பள்ளி முழுமைக்கும் உரியது, நாளை விடுமுறை. மூன்றாவது, சாரணர்களுக்கு மட்டும் உரியது. அவர்கள் மாலை நான்கு மணிக்கு விளையாட்டிடத்தில் கூட வேண்டும்.

முதற் செய்திக்கு அம்மாணவனைப் பெயர் சொல்லி அழைத்தால் போதும். இரண்டாவதை அனைவரும் கேட்குமாறு உரக்கச் சொல்லலாம். மூன்றாவதை எங்ஙனம் தெரிவிப்பது? சாரணர் அறுபதின்மர், அவர்கள் பல வகுப்புகளில் பரவியுள்ளனர். ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்தால், ஒரே செய்தியை அறுபது முறை சொல்ல நேரும். அனைவர்க்கும் சொன்னால், சாரணரல்லாத ஆயிரம் மாணவரும் தமக்கு வேண்டாததைக் கேட்டு நிற்க நேரும். முன்னதில் சொல்பவர்க்குத் துன்பம். பின்னதில் கேட்பவர்க்குத் துன்பம். ஆதலின் தலைமையாசிரியர் 'சாரணர்' என்னும் பொதுப்பெயரிட்டு ஒரே ஒரு சுற்றறிக்கை எழுதுகின்றார். அது சாரணர் உள்ள வகுப்புகளுக்கு மட்டும் செல்கின்றது. ஏனைய வகுப்புகளில் பாடம் தடையின்றி நடைபெறுகின்றது.

மிக எளிதாகத் தோன்றும் இச்செயலைக் கணிப்பொறிகளின் உலகில் நிகழ்த்துவது எளிதன்று. அங்கே கேட்பவர் அறுபதின்மர் அல்லர், பல்லாயிரவர். அவர்கள் ஒரே பள்ளியில் இல்லை. நாடுகள் தோறும் சிதறியுள்ளனர். யார் எங்கே இருக்கின்றனர் என்பது அனுப்புவோர்க்குத் தெரியவும் தெரியாது. அந்நிலையிலும் ஒரு முறை அனுப்பியதை வேண்டுவோர் அனைவரும் பெற வேண்டும். வேண்டாதார் ஒருவரும் தொல்லையுறுதல் கூடாது. இது கைகூடிய வரலாற்றையும், அதன் இயக்கத்தையும், அதன் குறைகளையும் இப்பாடத்தில் காண்போம்.

கணிப்பொறிகள் கம்பியாலும் ஒளியிழையாலும் வானலையாலும் பிணைக்கப்பட்டுச் செய்திகளைப் பரிமாறிக் கொள்கின்றன என்பதை நீவிர் அறிவீர். ஒரு கணிப்பொறி அனுப்பும் செய்தி, அஃது எழுத்தாயினும் ஒலியாயினும் படமாயினும், சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் மேலும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் பொறிக்கப்படுகின்றன. வழியில் சந்திகள் தோறும் 'ரௌட்டர்' எனப்படும் கருவிகள் உள்ளன. அவை பெறுவோர் முகவரியைப் படித்து, பொதியை உரிய பாதையில் செலுத்துகின்றன. அஞ்சல் நிலையங்களில் கடிதங்களைப் பிரிக்கும் ஊழியர் செய்யும் பணியை அவை செய்கின்றன எனலாம்.

அம்முகவரி யாது? இன்றும் மிகுதியாக வழங்கும் முறையில் அது 32 பிட்டுகளால் ஆன ஓர் எண்ணாகும். பிட்டு என்பது 0 அல்லது 1 என்னும் இரண்டனுள் ஒன்று. 32 பிட்டுகளையும் எட்டெட்டாகப் பகுத்து, நான்கு எண்களாக, இடையே புள்ளியிட்டு எழுதுவது வழக்கம். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருத்தல் கூடும்.

முகவரியின் இயல்புக்கேற்ப அஞ்சல் மூவகைப்படும். ஒரு கணிப்பொறிக்கு மட்டும் அனுப்புவதைத் தனியஞ்சல் என்போம். ஓர் இடத்து வலையிலுள்ள எல்லாக் கணிப்பொறிகளுக்கும் அனுப்புவதைப் பொதுவஞ்சல் என்போம். ஒரு குழுவிற் சேர்ந்த கணிப்பொறிகளுக்கு மட்டும் அனுப்புவதைக் குழுவஞ்சல் என்போம். இதனையே ஆங்கிலத்தார் 'மல்டிகாஸ்ட்' என்பர்.

தனியஞ்சலால் பலர்க்கு ஒரே பொருளை அனுப்பினால் விளையும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு நகரிலிருந்து ஆசிரியர் ஒருவர் நடத்தும் பாடம் ஒளிபரப்பாகச் செல்கின்றது என்க. அதற்கு நொடிக்கு 20 இலட்சம் பிட்டுகள் தேவை. அதனை 1000 பள்ளிகள் ஒரே நேரத்தில் காண விரும்பின், அனுப்பும் கணிப்பொறி ஒவ்வொரு பொதியையும் 1000 படிகள் எடுத்தல் வேண்டும். அதன் வாயிலில் உள்ள கம்பியில் நொடிக்கு 200 கோடி பிட்டுகள் பாய வேண்டும். இவற்றுள் முதற்படி ஒன்றே பயனுடையது. ஏனைய 999-ம் சொன்னதைச் சொல்லுதலே. பள்ளிகள் 2000 ஆனால் சுமையும் இருமடங்காகும். கம்பி தாங்காதபோது, பின்னர் வந்தோர் பெறாது போவர். அன்றி எல்லாரும் அரைகுறையாகப் பெறுவர். பொருள் சிறந்ததாய், விரும்புவோர் பெருகப் பெருக, அதுவே அதற்குக் கேடாய் முடிகின்றது.

பொதுவஞ்சலோ முரசறைதல் போன்றது. இந்திரவிழாவை முரசறைந்து நகரத்தார்க்கு அறிவித்ததை மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை கூறும். விழாச் செய்தி எல்லார்க்கும் உரியது. ஆதலின் அங்கே முரசு தகும். எல்லார்க்கும் உரியதல்லாத செய்தியை முரசறைந்தால் என்னாகும்? வலையிலுள்ள ஒவ்வொரு கணிப்பொறியும் தன் வேலையை நிறுத்தி, அப்பொதியை எடுத்துப் பார்த்து, 'இது நமக்கன்று' என ஒதுக்க வேண்டியிருக்கும். அன்றியும், பொதுவஞ்சலை ரௌட்டர்கள் தம் எல்லையைத் தாண்ட விடுவதில்லை. விட்டால் உலகம் முழுதும் ஓயாத முரசொலியே நிறைந்துவிடும் அன்றோ?

இவ்விரு துன்பங்களுக்கும் இடையே ஒரு வழி கண்டவர் ஸ்டீவ் டீரிங் என்பவர். இவர் 1980-களில் கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராய் இருந்தார். இவர்தம் ஆசிரியர் டேவிட் செரிட்டன். பல கணிப்பொறிகள் ஒன்றுகூடி ஒரே பொறி போல இயங்கும் ஓர் அமைப்பை அவ்விடத்தார் ஆக்கி வந்தனர். அவ்வமைப்பின் உறுப்புகள் குழுக் குழுவாகப் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரே கட்டடத்தின் வலைக்குள் அஃது இயன்றது; ரௌட்டரைக் கடந்து அடுத்த வலைக்குச் செல்ல இயலவில்லை. அத்தடையை நீக்கப் புகுந்த டீரிங், தம் ஆசிரியரோடு சேர்ந்து 1985-இல் ஒரு திட்டத்தை வெளியிட்டார். அது திருத்தம் பல பெற்று, 1989 ஆகஸ்டில் இணையத்தின் நெறிமுறையாக வெளிவந்தது. ஒரு மாணவர் தமக்கு நேர்ந்த இடர்ப்பாட்டைக் கடக்க எண்ணியது, உலகிற்கு ஒரு புதிய முறையைத் தந்தது.

அம்முறையின் முதற்கூறு முகவரியாகும். 224 முதல் 239 வரையிலான எண்களுள் ஒன்றனை முதலெண்ணாகக் கொண்ட முகவரிகள் யாவும் குழுக்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இவற்றைப் பிட்டுகளால் எழுதினால் எல்லாம் 1110 என்றே தொடங்கும். ஆதலால் ஒரு ரௌட்டர் முதல் நான்கு பிட்டுகளைப் பார்த்த அளவிலேயே, 'இது குழுவஞ்சல்' என அறிந்துகொள்ளும். எஞ்சிய 28 பிட்டுகள் எந்தக் குழு என்பதைக் குறிக்கும். அவற்றால் 26 கோடியே 84 இலட்சத்திற்கு மேற்பட்ட குழுக்களைக் குறிக்கலாம்.

இலக்கணத்தில் சிறப்புப்பெயர், பொதுப்பெயர் என்னும் வேறுபாட்டைப் படித்திருப்பீர்கள். மா, பலா என்பன ஒவ்வொன்றனைச் சிறப்பாகச் சுட்டும். மரம் என்பது அவை அனைத்தையும் பொதுவாகச் சுட்டும். தனியஞ்சல் முகவரி சிறப்புப்பெயர் போன்றது. அஃது ஒரு பொறிக்கே உரியது. குழு முகவரி பொதுப்பெயர் போன்றது. அஃது எந்தப் பொறிக்கும் சொந்தமன்று. சேர்ந்தோர் அனைவரையும் சுட்டும். சாரணன் ஒருவன் இலக்கிய மன்றத்திலும் உறுப்பினனாய் இருத்தல் போல, ஒரு கணிப்பொறி ஒரே காலத்தில் பல குழுக்களில் இருக்கலாம். அப்போதும் அதன் சொந்த முகவரி மாறுவதில்லை. மேலும், குழு முகவரி பெறுவோர் இடத்தில் மட்டுமே வரும். அனுப்புவோர் இடத்தில் ஒருபோதும் வாராது. ஒரு குழுவுக்குச் சொல்லலாம். குழுவே வாய்திறந்து சொல்லுதல் இல்லை. அனுப்புபவர் எப்பொழுதும் ஒரு தனிப்பொறியே.

இம்முகவரிகளுள் சில நிலையாக வரையறுக்கப்பட்டுள்ளன. 224.0.0.1 என்பது அவ்விடத்து வலையில் குழுவஞ்சல் பெறவல்ல எல்லாப் பொறிகளையும் குறிக்கும். 224.0.0.2 என்பது அவ்விடத்து ரௌட்டர்களைக் குறிக்கும். 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளுக்குச் செல்லும் பொதிகளை எந்த ரௌட்டரும் அடுத்த வலைக்கு விடாது. 239 என்று தொடங்குவன ஒரு நிறுவனம் தன் எல்லைக்குள் பயன்படுத்திக்கொள்வதற்கு உரியவை.

இனி, ஒரு கணிப்பொறி குழுவில் எங்ஙனம் சேர்கின்றது? இங்கேதான் இம்முறையின் நுட்பம் மிகுதியும் விளங்குகின்றது. அனுப்புபவரிடம் உறுப்பினர் பட்டியல் எதுவும் இல்லை. அவர் பொதியைக் குழு முகவரிக்கு அனுப்புகின்றார், அவ்வளவே. பெற விரும்புபவர் அனுப்புபவரிடம் சென்று கேட்பதும் இல்லை. அவர் தமக்கு அண்மையிலுள்ள ரௌட்டரிடம், 'இந்தக் குழுவின் செய்தி எனக்கு வேண்டும்' என்று ஒரு சிறு பொதியால் தெரிவிக்கின்றார். இதற்கென அமைந்த நெறிமுறையை 'ஐ.ஜி.எம்.பி.' என்பர்.

சேர்ந்தவர் இன்னும் இருக்கின்றனரா, விலகினரா என்பதை அறிய, ரௌட்டர் இடையிடையே 224.0.0.1 என்னும் முகவரிக்கு ஒரு வினாப் பொதியை அனுப்பும். 1997-இல் வெளியான இரண்டாம் பதிப்பின்படி, வேறு ஏற்பாடு இல்லையாயின், 125 நொடிக்கு ஒரு முறை இவ்வினா எழும். வலையில் ஒரே குழுவைச் சேர்ந்த நூறு பொறிகள் இருக்கின்றன என்க. நூறும் ஒரே கணத்தில் விடை கூறினால் வலை திணறாதோ? அதற்கு அறிஞர் கண்ட வழி வியக்கத்தக்கது. வினாவைக் கேட்ட ஒவ்வொரு பொறியும் உடனே விடை கூறாது. 10 நொடிக்குள் தனக்குத் தோன்றிய ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு காத்திருக்கும். எவருடைய நேரம் முதலில் வருகின்றதோ அவர் விடை கூறுவர். அவ்விடையும் குழு முகவரிக்கே செல்வதால் ஏனையோர் அதனைக் கேட்பர். கேட்டவுடன், 'நம் குழுவின் பொருட்டு ஒருவர் சொல்லிவிட்டார்' என்று வாளா இருப்பர்.

'இவ்வகுப்பில் சாரணர் எவரேனும் உளரா?' என்று ஆசிரியர் கேட்கின்றார். ஒரு கை உயர்ந்தால் போதும். சுற்றறிக்கை உள்ளே வரும். எத்தனை பேர் என்னும் கணக்கு ரௌட்டருக்கு வேண்டுவதில்லை. ஒருவரேனும் உளரா, ஒருவரும் இலரா என்பதே வேண்டும். ஒருவர் இருப்பினும் நூற்றுவர் இருப்பினும் அவ்வலைக்குள் ஒரே படிதான் செல்லும்.

விலகுதலின் வரலாறும் அறியத்தக்கது. 1989-இல் அமைந்த முதற்பதிப்பில் விடைபெற்றுச் செல்லும் முறை இல்லை. விலகிய பொறி வாளா இருந்துவிடும். வினவி வினவி விடை வாராமை கண்ட பின்னரே ரௌட்டர் அஞ்சலை நிறுத்தும். அதுவரை, கேட்பாரற்ற வீட்டில் வானொலி ஒலிப்பது போல, பொதிகள் வீணே பாய்ந்துகொண்டிருக்கும். ஒருவர் ஒளிபரப்பு ஒன்றனை விட்டு மற்றொன்றற்கு மாறும்தோறும் பழையதும் புதியதும் சேர்ந்து வழியை அடைக்கும். இக்குறையை நீக்கவே இரண்டாம் பதிப்பில் 'விலகுகின்றேன்' என்னும் பொதி சேர்க்கப்பட்டது. அதனைப் பெற்ற ரௌட்டர், 'வேறு எவரேனும் உளரோ?' என்று விரைந்து ஒரு முறைக்கு இருமுறை வினவி, இலர் எனக் கண்டால் உடனே நிறுத்திவிடும். 2002-இல் வந்த மூன்றாம் பதிப்பில், ஒவ்வொரு பொறியும் தன் விருப்பத்தைத் தானே தெரிவிக்கும் வழக்கம் வந்தது. இன்னாரிடமிருந்து வருவது மட்டும் வேண்டும் என்று வரையறுத்துக் கேட்கவும் வழி பிறந்தது.

ரௌட்டருக்கும் பெறுவோர்க்கும் இடையே நிகழ்வது இது. ரௌட்டர்கள் தமக்குள் எங்ஙனம் வழி வகுத்துக்கொள்கின்றன? குழுவஞ்சல் செல்லும் பாதை ஒரு மரம் போன்றது. அனுப்புபவர் வேர், ரௌட்டர்கள் கிளை பிரியும் கணுக்கள், பெறுவோர் இலைகள். வேரிலிருந்து ஒரு பொதியே புறப்படும். கிளை பிரியும் இடத்தில் மட்டும் ரௌட்டர் அதனைப் படியெடுக்கும். ஆயிரம் பள்ளிகளுக்குச் செல்லும் பாடமும் எந்தக் கம்பியிலும் ஒரு படிக்கு மேல் செல்வதில்லை.

ஆனால் வலையின் இயல்பு மரம் போன்றதன்று. பாதைகள் வளைந்து வந்து தம்முள் கூடுவன. படியெடுக்கும் ரௌட்டர்கள் வட்டமாய் அமைந்தால், ஒரு பொதி சுற்றிச் சுற்றி வந்து, வருந்தோறும் புதுப்படிகளை ஈன்று, சிறிது நேரத்தில் வலை முழுவதையும் மூழ்கடித்துவிடும். இவ்விடரைத் தவிர்க்கும் ஓர் எளிய விதியை, யோகன் தலால், இராபர்ட் மெட்காஃப் என்னும் இருவர் 1978-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினர். தலால் நம் இந்திய நாட்டினர். பம்பாயிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, பின் ஸ்டான்போர்டில் ஆராய்ந்தவர். அவர்கள் கூறிய விதி இதுவே: பொதி வந்தவுடன் ரௌட்டர், 'இதனை அனுப்பியவர்க்கு நாம் ஏதேனும் அனுப்புவதாயின் எந்த வழியே அனுப்புவோம்?' என்று தன்னையே வினவ வேண்டும். பொதி அந்த வழியாகவே வந்திருப்பின், ஏனைய வழிகளில் படியெடுத்து அனுப்பலாம். வேறு வழியாக வந்திருப்பின், அது சுற்றி வந்தது எனக் கொண்டு தள்ளிவிடலாம். இவ்வொரு விதியால், வட்டம் நிறைந்த வலையிலும் பொதி மரம் போன்ற பாதையிலேயே செல்கின்றது.

டீரிங் இவ்விதியை மேற்கொண்டு, மரத்தைக் கழித்து விடும் முறையையும் சேர்த்தார். முதலில் பொதி எல்லாக் கிளைகளிலும் செல்லும். கீழே கேட்பார் இல்லாத ரௌட்டர், 'இக்கிளைக்கு வேண்டா' என்று மேலே தெரிவிக்கும். அக்கிளை கழிக்கப்படும். உறுப்பினர் செறிந்த இடத்திற்கு இம்முறை ஏற்றது. உறுப்பினர் அருகிக் கிடக்கும் பரந்த வலைக்கு இது பொருந்தாது. பத்துப் பேர்க்காகப் பதினாயிரம் கிளைகளில் நீர் விட்டுப் பின் அடைத்தல் அறிவுடைமை ஆகாது. ஆதலின் 1990-களில் இதற்கு மறுதலையான முறை வகுக்கப்பட்டது. அதன்படி, கேட்பவர் உள்ள ரௌட்டர் முற்பட்டுக் கேட்டாலன்றி எக்கிளையிலும் பொதி செல்லாது. இன்று பெரிதும் வழங்குவது இம்முறையே.

பொதி கடைசி வலையை அடைந்தபின் இன்னும் ஒரு படி உண்டு. கணிப்பொறியை வலையோடு இணைக்கும் அட்டைக்கு 48 பிட்டுகளால் ஆன வேறொரு முகவரி உண்டு. குழு முகவரியை அவ்வட்டை உணரும் வடிவிற்கு மாற்ற வேண்டும். இதற்கென ஈதர்நெட்டு என்னும் வலை முறையில் ஒதுக்கப்பட்ட இடம் 23 பிட்டுகளே. குழுவின் அடையாளமோ 28 பிட்டுகள். மேலுள்ள 5 பிட்டுகள் விடுபடுகின்றன. அதனால் 32 குழுக்கள் ஒரே அட்டை முகவரியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 224.1.1.1, 225.1.1.1 என்னும் இரு குழுக்களும் அட்டையின் கண்ணுக்கு ஒன்றே. ஒரே பெயருடைய இருவர் ஒரு வகுப்பில் இருந்தால், பெயர் கேட்டு இருவரும் எழுந்து நிற்றல் போன்றது இது. அட்டை தவறாக எடுத்துக்கொண்ட பொதியைக் கணிப்பொறி முழு முகவரியையும் படித்துப் பார்த்துத் தள்ளிவிடும். தீங்கில்லை, சிறிது வேலை மிகுதி.

இம்முறை ஏட்டளவில் நில்லாது நடைமுறைக்கு வந்த நாள் நினைவிற் கொள்ளத்தக்கது. 1992 மார்ச்சுத் திங்களில், இணையத்தின் நெறிமுறைகளை வகுக்கும் பொறியாளர் குழு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் கூடியது. அக்கூட்டத்தின் பேச்சொலி மூன்று கண்டங்களில் உள்ள 20 இடங்களுக்குக் குழுவஞ்சலாய் அனுப்பப்பட்டது. தொலைவில் இருந்தோர் கேட்டதோடன்றி வினாக்களும் எழுப்பினர். அக்காலத்தில் பெரும்பாலான ரௌட்டர்கள் குழுவஞ்சலை அறியாதவை. ஆதலின் குழுவஞ்சற் பொதியைச் சாதாரணத் தனியஞ்சற் பொதிக்குள், உறைக்குள் உறையிட்டது போல வைத்து, அறியாத ரௌட்டர்களைக் கடக்கச் செய்தனர். இங்ஙனம் இணையத்தின்மேல் இழைந்த வலைக்கு 'எம்போன்' என்று பெயர்.

எம்போனில் நிகழ்ந்த ஒரு வேடிக்கை இம்முறையின் குறை ஒன்றனையும் காட்டும். 1994 நவம்பர் 18-ஆம் நாள், புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவினர் டல்லாஸ் நகரில் பாடிய நிகழ்ச்சியின் ஒரு பகுதி எம்போனில் சென்றது. கணிப்பொறி அறிஞர் சிலர் பொழுதுபோக்காக நடத்திய சிவியர் டயர் டேமேஜ் என்னும் இசைக்குழு ஒன்று இருந்தது. அது 1993 சூனிலேயே எம்போனில் பாடியிருந்தது. அவர்கள் அன்று பெரியோர் நிகழ்ச்சி தொடங்குமுன் தாமே முந்திப் பாடிவிட்டனர்! குழு முகவரிக்கு எவரும் அனுப்பலாம், தடுப்பார் இல்லை. அன்று அது நகைப்புக்கு இடமாயிற்று. தீய எண்ணம் உடையார் கையில் அதுவே பெருந்தீங்காக முடியலாம் என்பதை அறிஞர் உணராமல் இல்லை. இன்னாரிடமிருந்து மட்டும் பெறுவேன் என்று கேட்கும் முறை இக்குறைக்கு ஒரு மருந்தாகும்.

வேறு குறைகளும் உண்டு. தனியஞ்சலில், பொதி கிடைத்தது என்று பெறுவோர் மறுமொழி அனுப்புவது பெருவழக்கு. குழுவஞ்சலில் பல்லாயிரவரும் மறுமொழி அனுப்பினால் அனுப்புபவர் அவ்வெள்ளத்தில் மூழ்கிப் போவர். ஆதலின் மறுமொழி இல்லை. வழியில் தொலைந்தது தொலைந்ததே. ஒலியில் ஒரு துளி குறைந்தால் செவி பொறுக்கும். கணக்கேட்டில் ஓர் எண் குறைந்தால் யார் பொறுப்பர்? அத்தகைய இடங்களில், கிடைக்காதவர் மட்டும் முறையிடும் ஏற்பாடு செய்வர். மேலும், ஒவ்வொரு குழுவையும் வழியிலுள்ள ரௌட்டர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். எத்தனை பேர் பெற்றனர் என்று அறிந்து கட்டணம் பெறுதலும் அரிது. எல்லாவற்றினும் மேலாக, மக்கள் இன்று ஒரே படத்தை ஒரே நேரத்தில் காண்பதில்லை. தத்தமக்கு ஓய்வுற்ற வேளையில் காண்கின்றனர். காலையில் ஒருவரும் நள்ளிரவில் மற்றொருவரும் கேட்பதற்கு ஒரே அஞ்சல் எங்ஙனம் உதவும்? இக்காரணங்களால் பொது இணையம் முழுவதும் குழுவஞ்சல் பரவவில்லை. படங்களை வழங்கும் பெருநிறுவனங்கள் நகரந்தோறும் படிகளைச் சேமித்து வைத்து, தனியஞ்சலாகவே அனுப்பி வருகின்றன.

எனினும், ஒருவர் ஆட்சிக்குட்பட்ட வலைகளுக்குள்ளே குழுவஞ்சல் நாள்தோறும் பெருந்தொண்டு ஆற்றுகின்றது. தொலைபேசிக் கம்பி வழியே தொலைக்காட்சி வழங்கும் நிறுவனங்கள் நேரலை நிகழ்ச்சிகளை இவ்வாறே அனுப்புகின்றன. பங்குச் சந்தைகள் விலை நிலவரத்தை இவ்வாறே தெரிவிக்கின்றன. இதில் சிக்கனத்தினும் சிறந்த ஒரு பயன் உண்டு. ஆயிரவர்க்குத் தனித்தனியே விலையை அனுப்பினால், முதலிற் பெற்றவர் கடைசியிற் பெறுபவரை முந்தி ஆதாயம் கொள்வர். ஒரே அஞ்சல் கிளைதோறும் பிரிந்து செல்லும்போது, வரிசையில் முன்னிற்பவர் பின்னிற்பவர் என்னும் வேற்றுமை பெரிதும் நீங்குகின்றது. நடுவுநிலைமைக்கும் இம்முறை துணைசெய்கின்றது.

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள கணிப்பொறி, அச்சுப்பொறியைத் தானே கண்டுபிடித்துக்கொள்வதைக் கண்டிருக்கலாம். பெரும்பாலும் அது 224.0.0.251 என்னும் குழு முகவரிக்கு, 'அச்சிடுவோர் எவரேனும் உளரோ?' என்று வினவி, விடை வந்ததைக் கொண்டு அறிகின்றது. இதில் வேறொரு வளர்ச்சியையும் காண்க. 1995 டிசம்பரில் டீரிங்கும் இராபர்ட் ஹிண்டனும் எழுதி வெளிவந்த 128 பிட்டு முகவரி முறையில் பொதுவஞ்சல் என்பதே இல்லை. முரசு முற்றும் நிறுத்தப்பட்டு, அது செய்த வேலையெல்லாம் குழுவஞ்சலிடம் ஒப்படைக்கப்பட்டது.

மாணவர்களே, இம்முறை முழுவதும் சில எளிய கருத்துகளின் மேல் நிற்பதைக் கண்டீர்கள். சொல்ல வேண்டியதை ஒரு முறை சொல்லுதல், வேண்டுவோர் தாமே முன்வந்து கேட்டல், ஒருவர் சொன்னதை மற்றொருவர் மீண்டும் சொல்லாது அடங்கியிருத்தல், வேண்டாதபோது விடைபெற்றுக்கொள்ளுதல். இவை கூட்டமாய் வாழும் மக்கள் நெடுங்காலமாய்க் கைக்கொண்ட ஒழுக்கங்களே. அவற்றைப் பொறிகளுக்கும் கற்பித்தபோது, ஒரு கம்பியில் ஒரு முறை சென்ற சொல் ஆயிரம் செவிகளைக் குறைவின்றிச் சென்று சேர்ந்தது.